கிணத்தடி ரூமின் ஆறு மில்லிமீட்டர்

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால் 'கம்ப்யூட்டரில்தான்' என்று சொல்லி முடித்துவிடுவது என் வழக்கம். அதற்கு மேல் போனால் பேச்சு நீளும். ஸ்ரீரங்கத்தில் எதிர் வீட்டு மாமியிடம் ஒருமுறை முழுசாகச் சொல்லிப் பார்த்தேன். ஐநூறு கிலோமீட்டருக்கு மேலே ஒரு செயற்கைக்கோள் போகிறது, அது ரேடார் அலையை அனுப்புகிறது, அந்த அலை நம் வீடுகள் மேல் பட்டுத் திரும்பிப் போகிறது, அதை வைத்து எந்த வீடு எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று நான் கணக்குப் போடுகிறேன் என்றேன். மாமி கவனமாகக் கேட்டுவிட்டு, "மாடியில வடாம் போட்டிருக்கேனே, அதுவும் தெரியுமோ?" என்றாள்.

"வடாமெல்லாம் தெரியாது மாமி. மனுஷங்களும் தெரியாது. சுவரும் தகரமும் தண்ணித் தொட்டியும்தான்."

"அப்போ சரி" என்று நிம்மதியாக உள்ளே போய்விட்டாள்.

நாங்கள் ஸ்ரீரங்கத்துக்கு வந்து ஆறு வருஷமாகிறது. என் கணவர் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறார். அவருக்கு இங்கே வேலை கிடைத்ததும், பெங்களூரில் வரைபடங்கள் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் இருந்த நான் அதை விட்டுவிட்டு வந்தேன். இங்கே எனக்கு என்ன வேலை இருக்கப்போகிறது என்றுதான் நினைத்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக் கடைக்கு மாடியில், நாலே பேர் உட்கார்ந்து இதே வேலையைச் செய்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. ஐந்தாவது ஆளாகச் சேர்ந்துகொண்டேன். காலையில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் காவிரிப் பாலத்தைத் தாண்டி இருபது நிமிஷத்தில் ஆபீஸ். முதல் நாலு வருஷம் வேறு ஊர்களின் மண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கோ ஓர் அணை, எங்கோ ஒரு சுரங்க ரயில் பாதை. திருச்சி என்பது நான் காபி குடிக்கிற ஊர், அவ்வளவுதான்.

அப்புறம் இந்த வேலை வந்தது. பழைய ஊரின் கழிவுநீரை எடுத்துப் போக ஒரு பெரிய குழாய் போட வேண்டும். ஆள் குனிந்து நடக்கிற அளவு குழாய். கடைவீதிச் சந்துகளைத் தோண்டினால் வியாபாரம் படுத்துவிடும், பாதி வீடுகளுக்கு வாசலே இருக்காது. அதனால் ஒரு முனையில் ஆழமாகக் குழி வெட்டி, அதிலிருந்து ஒரு மெஷினை இறக்கி, இருபத்தைந்து அடி ஆழத்தில் மண்ணைக் குடைந்துகொண்டே குழாயைப் பின்னாலிருந்து தள்ளி, இன்னொரு முனையில் வெட்டிய குழியில் வெளியே எடுப்பது என்று முடிவானது. மேலே இருப்பவையெல்லாம் அறுபது, எண்பது வருஷத்து வீடுகள். தரை அசைகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டியது நாங்கள்.

ரேடார் எப்படி மில்லிமீட்டரைப் பார்க்கிறது என்பதை நான் சைக்கிள் சக்கரத்தை வைத்துத்தான் சொல்வது. மேலேயிருந்து தரை வரைக்கும் ஒரு சக்கரம் உருண்டு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ண முடியாது. ஆனால் வந்து நிற்கும்போது வால்வு எந்த இடத்தில் நிற்கிறது என்பது தெரியும். பதினொரு நாள் கழித்து அதே இடத்திலிருந்து அதே சக்கரத்தை மறுபடி உருட்டுகிறோம். வால்வு போன தடவை நின்ற இடத்தைவிடக் கொஞ்சம் தள்ளி நின்றால் தரை கொஞ்சம் விலகியிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். மீதியெல்லாம் காற்றில் இருக்கும் ஈரம் செய்கிற குழப்பத்தைக் கழிப்பது.

எதை வைத்து அளப்பது என்று ஒன்று உண்டு. ஒரு இடம் அசையவில்லை என்று முதலில் முடிவு செய்தால்தான் மற்ற இடங்கள் அசைந்ததைச் சொல்ல முடியும். மற்ற ஊர்களில் அதைத் தேடவே ஒரு வாரம் போகும். இங்கே எங்கள் ஆபீஸில் யாரும் ஒரு வார்த்தை விவாதிக்கவில்லை. ஜன்னலைத் திறந்தால் மலைக்கோட்டை. பாறை மேல் இருக்கிற ஒரு சுவரைப் பூஜ்யம் என்று குறித்துக்கொண்டோம்.

வேலை தொடங்குவதற்கு ஒரு வருஷம் முன்னாலிருந்தே படங்கள் வாங்கத் தொடங்கியிருந்தோம். செயற்கைக்கோள் எங்கள் ஊரைக் கடப்பது காலை ஆறே கால் மணிக்கு. அந்த நாட்களில் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தால், காரணமே இல்லாமல் ஒருமுறை வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வருவேன். ஒன்றும் தெரியாதுதான்.

தரையில் அளப்பதற்கு ஒரு சர்வேயரைப் போட்டிருந்தார்கள். அரியமங்கலத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். வளைகுடாவில் பன்னிரண்டு வருஷம் சுரங்கப் பாதை வேலைகளில் அளவெடுத்துவிட்டு, மகள் கல்யாணத்துக்கு வந்தவர் அப்படியே தங்கிவிட்டார். எல்லோரும் பாய் என்பார்கள், நானும் அப்படித்தான். அவர் என்னை மேடம் என்பார். சந்துகளில் வீட்டுச் சுவர்களில் சின்னச் சின்ன ஆணிகள் அடித்து, முக்காலியில் லெவல் கருவியை வைத்து, தினமும் காலையில் ஒவ்வோர் ஆணியின் உயரத்தையும் பார்த்து எழுதுவது அவர் வேலை.

முதல் கூட்டத்தில் ரேடார் அலை பட்டுத் திரும்பிய இடங்களைக் குறிக்கும் என் வண்ணப் புள்ளிகளை நான் திரையில் காட்டியபோது பாய் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. நான் பத்தடி தூரத்துல வச்சுப் பாக்கறப்பவே வெயில் ஏறினா கண்ணு ஏமாத்திடும். நீங்க ஐநூறு கிலோமீட்டர்லேர்ந்து சொல்றீங்க."

"நீங்க உங்க ஆணி அளவைக் குடுங்க பாய். நான் என் புள்ளி அளவைக் குடுக்கறேன். ஒத்துப் போகலைன்னா அப்புறம் பேசுவோம்."

ஒத்துப் போனது. குழி வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடைச் சுவர் இரண்டு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. அவருக்கும் இரண்டு, எனக்கும் இரண்டு. பாய் தன் நோட்டையும் என் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ்" என்றார். அன்றிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை ஆபீஸ் மாடிக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போவார். சில நாள் டீ நேரம் முழுக்க இரண்டு பேரும் ஒரு மில்லிமீட்டருக்காகச் சண்டை போடுவோம். அது எனக்குப் பிடித்திருந்தது. பெங்களூரில் நான் போட்ட புள்ளிகளைப் பார்த்து யாரும் சண்டை போட்டதில்லை.

மார்ச் மாதக் கடைசியில் வந்த படத்தில்தான் அந்த மஞ்சள் தெரிந்தது.

என் வரைபடத்தில் அசையாத இடம் பச்சை, இறங்கும் இடம் மஞ்சள், அப்புறம் சிவப்பு. குழாய் போகும் சந்து முழுக்கப் பச்சையாக இருக்க, நடுவில் ஒரு வீட்டின் பின்பக்கத்தில் மட்டும் மூன்று புள்ளிகள் மஞ்சள். ஆறு மில்லிமீட்டர். மெஷின் அங்கே வர இன்னும் நூறு மீட்டருக்கு மேல் இருந்தது. வராத மெஷின் எப்படித் தரையை இறக்கும்?

குழாய் வேலையை நடத்திக்கொண்டிருந்த என்ஜினீயருக்கு அனுப்பினேன். நல்ல மனிதர், ஆனால் அவர் தலையில் நூறு வேலை. "கோடைல எல்லா எடமும் கொஞ்சம் எறங்கும்ல மேடம், தண்ணி கீழ போகுது" என்றார். அது உண்மைதான். பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். போன வருஷக் கோடையிலும் அந்த மூன்று புள்ளிகள் இறங்கி, மழைக்குப் பின் ஏறியிருந்தன. ஆனால் போன வருஷம் மொத்தமே மூன்று. இந்த வருஷம் கோடை பாதிகூடத் தாண்டவில்லை, ஆறு.

பாயைக் கேட்டேன். அவர் நோட்டில் அந்த வீடே இல்லை. "அந்தப் பின்சுவரை ஒட்டி டிரான்ஸ்ஃபார்மர் நிக்குது மேடம். ஆணி அடிக்க எடமில்ல. அதான் ரெண்டு பக்கத்து வீட்டுலயும் அடிச்சேன். ரெண்டும் ஒரு மில்லிமீட்டர்தான்" என்றார். நோட்டை மூடினார். "போய்ப் பாத்துட்டா?"

நான் தயங்கினேன். இத்தனை வருஷ வேலையில் என் புள்ளிக்குள் குடியிருக்கும் ஒருவரை நான் பார்த்ததே கிடையாது. உங்கள் வீடு இறங்குகிறது என்று போய்ச் சொல்லிவிட்டு, அது காற்றின் ஈரம் செய்த குழப்பம் என்று பிறகு தெரியவந்தால்? பாய்தான், "சும்மா சுவரைப் பாக்க வந்தோம்னு சொல்லுவோம், வாங்க" என்று கூட்டிக்கொண்டு போனார்.

முன்பக்கம் குறுகலாகவும் உள்ளே ரயில் பெட்டி மாதிரி நீளமாகவும் இருக்கிற வீடு. பாய் சலாம் சொன்னதும் உள்ளேயிருந்து ஒரு பெண்மணி வந்தார். என்னைவிடப் பத்து வயது பெரியவர் இருக்கும். தலைத்துணிக்கு மேல் அளவு நாடா தொங்கியது, வாயில் இரண்டு குண்டூசி. அவற்றை எடுத்துவிட்டுப் பேசினார். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக் கொடுப்பவர். கணவர் தவறிப்போய்ப் பல வருஷமாம், மகன் ஷார்ஜாவில். நாலு தையல் மெஷின், மூன்று பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். நாங்கள் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது.

"வெரிசல் கிரிசல் ஒண்ணுமில்லயே. சுண்ணாம்பு போன வருஷம்தான் அடிச்சேன். வேணும்னா பாருங்க." உள்ளே திரும்பி, "ஏம்மா, கிணத்தடில லைட்டைப் போடு, ஆளுங்க வராங்க" என்று குரல் கொடுத்தார்.

நான் பாயைப் பார்த்தேன். பாய் என்னைப் பார்த்தார்.

"அக்கா, கிணத்தடின்னா? வீட்டுல கிணறு இருக்கா?" என்றேன்.

"கிணறா? அதெல்லாம் ஏது! பின்னாடி ரூம். மெஷினெல்லாம் அங்கதான் போட்டிருக்கேன்."

"அப்புறம் ஏன் கிணத்தடின்னு சொல்றீங்க?"

அவர் அளவு நாடாவைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டே, "நான் கல்யாணமாயி வந்த அன்னிக்கே மாமியார் அப்படித்தான் சொன்னாங்க. முப்பத்தஞ்சு வருஷமா நானும் சொல்றேன். ஏன்னு கேட்டதே இல்ல" என்றார்.

அந்த அறையில் மூன்று மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. சுவரை ஒட்டி நீல நிறத் துணிக் கட்டுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. மேலே தகரக் கூரை. என் மூன்று புள்ளிகளும் அந்தத் தகரத்தின் ஓரங்களிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். பாய் மெஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, கையிலிருந்த அளவுகோலின் அடியால் தரையைத் தட்டிக்கொண்டே நடந்தார். டக், டக், டக். அறை நடுவில் வந்ததும் சத்தம் மாறியது. அங்கே மட்டும் பானையைத் தட்டுவது மாதிரி கேட்டது. மறுபடி தட்டினார். வேலை செய்த பெண்களில் ஒருத்தி மெதுவாக எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டாள். அவள் மெஷின் இருந்தது அதே இடத்தில்.

மூன்றாம் நாள் என்ஜினீயர் ஆள் அனுப்பி, தரையில் இரண்டு விரல் அகலத்துக்குத் துளை போட்டுப் பார்த்தார்கள். மேலே கல் பலகை. அதற்குக் கீழே கொஞ்ச தூரம் வெறும் காற்று. அப்புறம் செங்கல் துண்டு, சாம்பல், மண் எல்லாம் கொட்டி மேலோட்டமாக மூடிய பழைய கிணறு. குழி வெட்டிய இடத்தில் இரவும் பகலும் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்ததால் நிலத்தடித் தண்ணீர் இறங்கியிருந்தது. அதோடு சேர்ந்து கிணற்றுக்குள் கொட்டிய குப்பையும் உள்வாங்கியிருந்தது. எந்த வரைபடத்திலும் அந்தக் கிணறு இல்லை. குழாய் போகும் கோட்டிலிருந்து நாலு மீட்டர்தான்.

என்ஜினீயர் அன்று மாலை எங்கள் ஆபீஸ் மாடிக்கே ஏறி வந்தார். மெஷினின் முகத்தில் மண் சரியாமல் இருக்க அழுத்தத்தோடு சேற்றுக் குழம்பை நிறுத்தி வைத்திருப்பார்கள். பக்கத்தில் ஒரு பொந்து கிடைத்தால் அந்தக் குழம்பு அதற்குள் ஓடிவிடும். அழுத்தம் போனால் மேலே இருக்கும் மண் உள்ளே வரும். அவர் அதை எனக்கு விளக்க வரவில்லை, அது எனக்கும் தெரியும் என்று அவருக்குத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து, "கோடைன்னு சொன்னேன்ல" என்று மட்டும் சொன்னார். டீயைக் குடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று பேசத் தொடங்கினார்.

செய்ய வேண்டியது எளிது. கிணற்றுக்குள் சிமெண்ட் குழம்பை இறக்கி நிரப்பி, அது இறுகியதும் மெஷினைக் கடந்து போகவிட வேண்டும். அதுவரைக்கும் அந்த அறையில் யாரும் இருக்கக் கூடாது. மூன்று வாரம், கூடினால் ஐந்து வாரம்.

"முடியாது" என்றார் அக்கா. "ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கறாங்க. நாலு ஸ்கூலுக்குத் துணி வெட்டி வச்சிருக்கேன். புள்ளைங்க பழைய யூனிஃபார்மைப் போட்டுட்டுப் போவணுமா? வருஷம் பூரா சும்மா இருந்துட்டு இப்ப வந்து எந்திரின்னா எப்படி?"

வேறு இடம் பார்த்துத் தருவதாக என்ஜினீயர் சொன்னார். பாய் அரியமங்கலத்தில் ஒரு பட்டறையைக் காட்டினார். அக்கா போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். பக்கத்திலேயே கிரைண்டிங் நடக்கிறது, வெள்ளைச் சட்டைத் துணியெல்லாம் இரும்புத் தூளாகிவிடும் என்றார். அதுவும் நியாயம்தான். இரண்டு நாள் இப்படியே போனது. குழாய் தள்ளும் மெஷினை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

எங்கள் வீட்டில் கீழ் போர்ஷன் பிப்ரவரியிலிருந்து காலியாக இருந்தது. குடியிருந்தவர்கள் மாற்றலாகிப் போயிருந்தார்கள். அன்று சாப்பிடும்போது கணவரிடம் இந்தச் சிக்கலைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ரசத்தைப் பிசைந்துகொண்டே, "கீழ போடச் சொல்லேன்" என்றார். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அது தோன்றவே இல்லை என்பதை நினைத்து வெட்கமாக இருந்தது. நான் அந்த வீட்டைப் புள்ளியாகவே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அக்கா வந்து பார்த்தார். ஜன்னலைத் திறந்து வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தார். பிளக் பாயிண்ட்டுகளை எண்ணினார். தரையை ஒருமுறை காலால் தட்டினார். "இங்க கிணறு இல்லையே?" என்று கேட்டார். பின்னால் இருக்கிற கிணற்றைக் காட்டினேன். கம்பி வலை போட்டு மூடியிருந்தாலும் கண்ணுக்குத் தெரிகிற கிணறு. "தெரிஞ்சா சரிதான்" என்றார்.

அடுத்த நாள் ஒரு லோடு ஆட்டோவில் நாலு மெஷினும் துணிக் கட்டுகளும் பாலத்தைத் தாண்டி வந்து சேர்ந்தன. அக்காவும் மூன்று பெண்களும் தினமும் ஒன்பது மணிக்கு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். நான் எதிர்ப் பக்க ஸ்டாப்பில் நின்றுகொண்டிருப்பேன். கையை ஆட்டிவிட்டு அவரவர் வேலைக்குப் போவோம். மாலையில் நான் திரும்பி வரும்போது வாசலிலேயே மெஷின் சத்தம் கேட்கும். அந்த வாரங்களில் எங்கள் வீடு மாதிரி ஒரு கலகலப்பு அந்தத் தெருவிலேயே இருந்திருக்காது. மாடிப்படியெல்லாம் நீல நூல். என் கணவரின் சட்டையில் எப்போதும் ஒரு நூல் ஒட்டியிருக்கும், காலேஜில் மாணவர்கள் எடுத்துக் கொடுப்பார்களாம்.

எதிர் வீட்டு மாமி முதல் நாலு நாள் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். ஐந்தாம் நாள் பேத்தியின் பாவாடையோடு வந்தாள். இடுப்பில் இரண்டு விரல் பிரித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். யூனிஃபார்ம் முடியும்வரை வேறு எதையும் தொடுவதில்லை என்று அக்கா சொல்லிவிட்டார். மாமி கோபித்துக்கொள்ளவில்லை. "கண்டிஷனா இருக்கா, நல்ல பொம்மனாட்டி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மறுநாள் ஒரு டப்பா வடாம் கொண்டுவந்து கொடுத்தாள். பாவாடையை அக்கா கடைசி வாரத்தில் பிரித்துத் தைத்துக் கொடுத்தார் என்று நினைக்கிறேன், ஒரு நாள் அந்தப் பெண் அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனதைப் பார்த்தேன்.

கிணற்றை நிரப்ப நினைத்ததைவிட அதிகமாகக் குழம்பு பிடித்தது. இறுகுவதற்காகக் காத்திருந்தார்கள். மே மாத நடுவில் ஒரு திங்கட்கிழமை மெஷின் மறுபடி நகர்ந்தது.

அந்த வீட்டைக் கடக்க நாலு நாள் ஆகும் என்றார்கள். அந்த நாலு நாளும் நான் ஒரு பிரயோஜனமும் இல்லாதவள். என் செயற்கைக்கோள் அடுத்த வாரம்தான் வரும். பாய் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்துகொண்டிருந்தார். கிணத்தடி ரூமுக்குள்ளேயே இப்போது ஆறு ஆணிகள் அடித்திருந்தார். ஆபீஸில் உட்கார முடியாமல் சந்துக்குப் போனேன். வெயில் கொளுத்தியது. கருவி மேல் வெயில் படாமல் பிடிக்க வேண்டிய பெரிய குடையை வாங்கி நானே பிடித்துக்கொண்டேன்.

"மேடம், நீங்க போயி நிழல்ல உக்காருங்க."

"பரவாயில்ல பாய். நீங்க பாருங்க."

கண்ணை லென்ஸில் வைத்துப் பார்த்து எண்ணைச் சொல்லுவார், நான் எழுதுவேன். பூஜ்யம். பூஜ்யம். அரை. பூஜ்யம். காலுக்குக் கீழே ஒரு மெஷின் போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. சந்தில் ஒருவர் பிளாஸ்டிக் குடம் விற்றுக்கொண்டு போனார். இரண்டாம் நாள் மாலை ஓர் ஆணி ஒரு மில்லிமீட்டர் இறங்கியது. பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார், ஒரு மில்லிமீட்டர்தான். அடுத்த அளவிலும் அதே ஒன்று. அதற்கு அடுத்ததிலும். அங்கேயே நின்றுவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் என்ஜினீயர் போன் செய்து, மெஷின் அந்த வீட்டைத் தாண்டிவிட்டது என்றார். பாய் முக்காலியை மடக்கினார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு, "வளைகுடாவுல மேடம், ஒரு தடவ இப்படித்தான் யாருக்கும் தெரியாத ஒரு தொட்டி. நாங்க போயிப் பாக்கறதுக்குள்ள ரோடு போயிடுச்சு. ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேக்கும்" என்றார். இத்தனை மாதப் பழக்கத்தில் அவர் அதைச் சொன்னதே இல்லை. இரண்டு பேரும் முனைக்கடையில் ஆளுக்கு இரண்டு சர்பத் குடித்தோம். அவருக்குத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது, போனார்.

ஜூன் தொடக்கத்தில் யூனிஃபார்மெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. பின் ரூமுக்குப் புதுத் தரை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மெஷின்களை ஏற்ற லோடு ஆட்டோ வரும் நாளில் அக்கா என்னிடம், "அந்தப் படத்தை எனக்கு ஒரு தடவ காட்டுங்க. என் வீடு எப்படித் தெரியுதுன்னு பாக்கணும்" என்றார்.

துணி வெட்டும் மேஜை மேல் லேப்டாப்பை வைத்துத் திறந்தேன். மூன்று பெண்களும் சுற்றி நின்றார்கள். அக்கா வீட்டின் மூன்று புள்ளிகளும் இப்போது பச்சை. வரைகோடு மார்ச்சில் சரிந்து, ஏப்ரலில் சரிந்து, மே மாதத்தில் நேராகப் போயிருந்தது. அக்கா அந்தச் சரிவின் மேல் விரலை வைத்து, "இந்த நேரத்துல நான் உள்ள உக்காந்து காலர் தச்சிட்டிருந்திருக்கேன்" என்றார். பிறகு, "சரி, உங்க வீடு எங்க?" என்று கேட்டார்.

நான் பார்த்ததே இல்லை. ஊரெல்லாம் அளந்தேன், ஆற்றுக்கு இந்தப் பக்கம் வந்ததில்லை. படத்தில் எங்கள் பகுதியும் இருந்தது, தேவையில்லை என்று விட்டிருந்தேன். அப்போதே தேடிப் பார்த்தோம். தென்னந்தோப்புகளும் ஆற்று மணலும் வெறுமையாக இருந்தன, அசைகிற இலையிலிருந்தும் மணலிலிருந்தும் நம்பகமாக ஒன்றும் கிடைக்காது. எங்கள் தெருவில் புள்ளிகள் நிறைய. எங்கள் வீட்டுக்கு நாலு. தண்ணித் தொட்டி, மாடிப்படித் தகரம், முன்பக்கக் கம்பி ஜன்னல், இன்னொன்று எதுவென்று தெரியவில்லை. ஒன்றைத் தொட்டேன். வரைகோடு அலை மாதிரி ஏறி இறங்கியது. ஆடியில் மெல்ல ஏறி, மார்கழி வரை நின்று, பங்குனியில் இறங்கியிருந்தது.

"என்னம்மா இது, ஏறுது எறங்குது? பயப்படணுமா?"

"இல்லக்கா. ஆத்துல தண்ணி வந்தா நிலத்துக்குள்ள தண்ணி ஏறும். அதுல மண்ணு கொஞ்சம் உப்பும். தெருவே சேந்து ஏறி, சேந்து எறங்குது. தனியா ஒண்ணு மட்டும் போனாத்தான் பயப்படணும்."

"எவ்வளவு?"

"மூணு மில்லிமீட்டர்."

அவர் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஓர் இடைவெளி வைத்துப் பார்த்தார். பித்தானைப் பிடிப்பது மாதிரி. "சட்டை பித்தான் கனம்" என்றார். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். மெஷின்களை ஏற்றினோம். பெருக்கிவிட்டுத்தான் போவேன் என்று அடம்பிடித்து, அறை முழுக்கப் பெருக்கிக் குப்பையை ஒரு பையில் கட்டிக்கொண்டு போனார்.

அந்த வருஷம் மேட்டூரில் வழக்கமான நாளிலேயே தண்ணீர் திறந்தார்கள். முக்கொம்பைத் தாண்டித் தண்ணீர் வந்த அன்று பஸ்ஸிலிருந்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து பாலத்துக்குக் கீழே எட்டிப் பார்த்தார்கள், நானும்தான். குழாய் வேலை முடிந்து, மெஷினை மறுமுனைக் குழியிலிருந்து தூக்கியாகிவிட்டது. ஒப்பந்தப்படி இன்னும் ஆறு மாதம் பார்க்க வேண்டும் என்பதால் படங்கள் வந்துகொண்டிருந்தன. ஆடி கடைசியில் ஒரு படம். சந்து பச்சை, முழுக்கப் பச்சை. அதை அறிக்கையில் எழுதிவிட்டு ஆற்றைத் தாண்டி எங்கள் தெருவைப் பார்த்தேன். ஒன்றரை மில்லிமீட்டர் ஏறியிருந்தது.

அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். அந்தப் பக்கம் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"ஏறிடுச்சா? நல்லது, நல்லது" என்றார். "கீழ் போர்ஷனுக்கு ஆள் வந்துட்டாங்களா?"

"இன்னும் இல்லக்கா."

"வெளிச்சமான ரூம்மா அது. சும்மா போட்டு வைக்காதீங்க."